ஜான் பெரட்: குற்றப்பத்திரிகையில் இல்லாத குற்றம்

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1592 ஏப்ரல் 27 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் சர் ஜான் பெரட் ராஜத்துரோகக் குற்றவாளி என்று தீர்ப்பானது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை அவர் அயர்லாந்தில் முதலாம் எலிசபெத்தின் அரசப் பிரதிநிதி. நாடு திரும்பியதும் அரசியின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலில் இடம் பெற்றவர். இன்று அவர் பெயரைத் தேடுகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவதோ வேறொரு செய்தி: அவர் எட்டாம் ஹென்றி மன்னருக்கு மண உறவுக்கு வெளியே பிறந்த மகன், தம்மைச் சிறையிலிட்ட அரசிக்கு அண்ணன் முறை.

ஒரு போலிக் கடிதத்தில் தொடங்கிய விசாரணை, கடிதம் போலி என்று தெரிந்த பிறகும் மரண தண்டனை வரை எப்படிப் போனது என்பது இந்த ஆய்வின் முதல் பகுதி. அந்த விசாரணையில் யாருமே எழுப்பாத ஒரு பேச்சு பிற்காலத்தில் அவர் வாழ்க்கைக்கே தலைப்பாக ஆன கதை இரண்டாவது பகுதி. சாட்சிகளாக வந்துபோன சிறிய மனிதர்களின் பெயர்களை இங்கே விட்டுவிட்டேன். அவர்கள் இருந்த நிலையைச் சொன்னாலே வழக்கு விளங்கிவிடும்.

பின்னணி

பெரட் பிறந்தது 1528 நவம்பரில். வேல்ஸின் தென்மேற்கு முனையில் பெம்புரோக்‌ஷயர், அதில் ஹாவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரை ஒட்டிய ஹாரல்ட்ஸ்டன் பண்ணைதான் குடும்பத்தின் இருப்பிடம். தந்தை தாமஸ் பெரட் அந்த வட்டாரத்தில் நிலபுலம் உள்ளவர். சிறுவயதில் சொத்துக்கு வாரிசாகும் பிள்ளையின் திருமணத்தை முடிவு செய்யும் உரிமை அக்காலத்தில் காப்பாளருக்கு இருந்தது. அந்த உரிமை விலைக்குக்கூடக் கைமாறும். தாமஸுக்குக் காப்பாளராக இருந்தவர் பெர்க்லி பிரபு. அவர் தம் உறவுப்பெண் மேரி பெர்க்லியையே தாமஸுக்குக் கட்டிவைத்தார். வதந்தி சுட்டுவது இந்த மேரியைத்தான். ஆனால் மேரிக்கும் பெரட் குடும்பத்துக்கும் முடிச்சுப் போட்டது காப்பாளரின் சொத்துக் கணக்கு. மன்னரின் தயவு அதற்குத் தேவைப்படவில்லை. 1531-இல் தாமஸ் இறந்தார். மேரி மறுமணம் செய்துகொண்டார்.

பதினெட்டு வயதில் ஜான், பின்னாளில் வின்செஸ்டர் மார்க்விஸ் ஆன வில்லியம் பாலெட்டின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிரபு வீட்டில் வளர்ந்து பழக்கவழக்கம் கற்பது அன்றைய முறை. பெரட் அங்கே அதிகம் கற்றது சண்டை. விருந்துக்கு வந்த இளம் பிரபுக்களோடு கைகலப்பு. பிறகு லண்டனில், தேம்ஸ் நதிக்குத் தெற்கே சதக்கில் அரண்மனைக் காவலர் இருவரோடு வாள்சண்டை. பிந்தையது மன்னர் காதுக்கு எட்டியது என்றும், இளைஞனின் துணிவை மெச்சி ஆதரவு தருவதாக அவர் சொன்னார் என்றும் பழைய வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. ஆதரவு வருவதற்குள் 1547 ஜனவரியில் ஹென்றி இறந்துவிட்டார். மன்னருக்கும் பெரட்டுக்கும் நேரடித் தொடர்பு என்று சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

நைட் பட்டம் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் கிடைத்தது. 1551-இல் பிரான்ஸ் சென்ற தூதுக்குழுவில் இடம் கிடைத்தது. கூடவே பெரும் கடனும் சேர்ந்தது. எலிசபெத்துக்கு முன் ஆண்ட, கத்தோலிக்கரான மேரி அரசி காலத்தில், புராட்டஸ்டண்டுகளுக்கு வீட்டில் அடைக்கலம் கொடுத்ததற்காகச் சிலகாலம் ஃப்ளீட் சிறையில் இருந்தார். 1559 ஜனவரியில் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவில் அரசியின் தலைக்கு மேல் விதானம் பிடித்த நால்வரில் ஒருவராக நின்றார். அரச ரத்தத்துக்கு அறிகுறியாக இந்த விதானத்தை அடிக்கடி காட்டுகிறார்கள். மற்ற மூவரையும் ஏன் யாரும் ஹென்றியின் பிள்ளைகள் என்பதில்லை என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

பதவியில் கவனிக்கப்பட்டவை

1571-இல் அயர்லாந்தின் தென்பகுதியான மன்ஸ்டருக்கு முதல் தலைவராக அனுப்பப்பட்டார். ஜேம்ஸ் ஃபிட்ஸ்மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டின் கிளர்ச்சியை அடக்குவது பொறுப்பு. ஊர்களையும் கோட்டைகளையும் ஒவ்வொன்றாக முற்றுகையிட்டு, பிடிபட்டவர்களைத் தூக்கிலிட்டுக்கொண்டே போனார். இடையில் பொறுமை இழந்து, இருதரப்பும் குறிப்பிட்ட ஆட்களோடு நேருக்கு நேர் மோதித் தீர்த்துக்கொள்ளலாம் என்று எதிரிக்குச் சவால் விடுத்தார். சொன்ன இடத்தில் போய்க் காத்தும் நின்றார். எதிரி வரவில்லை. 1573-இல் கில்மாலக் தேவாலயத்தில் ஃபிட்ஸ்மாரிஸ் சரணடைந்தபோது, அவர் நெஞ்சுக்கு நேரே பெரட் வாள்முனையைப் பிடித்திருந்தார். அதே ஆண்டு கோடையில், அனுமதி வாங்காமலே வேல்ஸுக்குத் திரும்பிவிட்டார்.

இந்த இரண்டு ஆண்டுகளிலேயே ஆளின் குணம் முழுதும் தெரிந்துவிடுகிறது. கொடுத்த வேலையை முடிப்பார். மேலிடத்தின் சொல்லுக்கோ சக அதிகாரியின் மானத்துக்கோ காத்திருக்க மாட்டார். சொந்த ஊரில் இந்தக் குணம் பெரிய சேதம் செய்யவில்லை. ஹாவர்ஃபோர்ட்வெஸ்ட் மேயர், தென்வேல்ஸ் கடற்கரைக்குத் துணை அட்மிரல், கேரூ கோட்டையின் சொந்தக்காரர் என்று வளர்ந்தார். கேரூ கோட்டையின் வடபக்கத்தில் அவர் எழுப்பிய நெடிய மாளிகைப் பகுதி இன்றும் கூரையில்லாமல் நிற்கிறது. கோட்டை என்றால் அம்பு எய்யும் துளைகள்தான் இருக்கும். பெரட்டின் சுவரில் ஆளுயரத்தை விஞ்சும் கண்ணாடி ஜன்னல்களுக்கான கல்சட்டங்கள் இரண்டு வரிசை. எதிரிக்குப் பயப்படுகிறவர் கட்டிய சுவர் அன்று.

டப்ளின், 1584 முதல் 1588 வரை

1584-இல் அயர்லாந்து முழுமைக்கும் அரசப் பிரதிநிதியானார். மன்ஸ்டரில் படைத்தளபதியாக இருந்ததும் டப்ளினில் ஓர் ஆலோசனை சபையோடு சேர்ந்து ஆள்வதும் வேறு வேறு. அங்கே அவர் சம்பாதித்த பகைகள்தான் பிற்பாடு வழக்கின் சாட்சிப் பட்டியலாக மாறின. அதனால் இவற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதல் பகை ஆர்ச்பிஷப் ஆடம் லாஃப்டஸ். டப்ளினின் புனித பேட்ரிக் பேராலயத்தின் வருமானத்தை எடுத்து ஒரு பல்கலைக்கழகம் அமைக்கப் பெரட் திட்டமிட்டார். அந்தப் பேராலயத்தின் குத்தகைகளில் லாஃப்டஸ் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. கல்விக்கான திட்டம் ஆர்ச்பிஷப்பின் வீட்டு வரவில் கைவைத்தது. திட்டம் செத்தது, பகை பிழைத்தது. பெரட் லண்டன் டவர் சிறையில் கிடந்த 1592 மார்ச்சில் டிரினிட்டி கல்லூரிக்கு வேறோர் இடத்தில் சாசனம் கிடைத்தது; அதன் முதல் தலைவர் இதே லாஃப்டஸ்.

மேற்கு அயர்லாந்தின் கானக்ட் பகுதியை ஆண்ட ரிச்சர்ட் பிங்கமோடு அதிகார எல்லைத் தகராறு. செயலாளர் ஜெஃப்ரி ஃபென்டனோடு ஒத்துப்போகவில்லை. 1587-இல் ஆலோசனை மண்டபத்திலேயே, வயது முதிர்ந்த படைத்தலைவர் நிக்கோலஸ் பேகனலை அடித்துவிட்டார். லண்டனிலும் பகைக்குக் குறைவில்லை. லார்டு சான்சலர் கிறிஸ்டோபர் ஹட்டன் நடனமாடியே அரசியின் மனதைப் பிடித்தவர் என்று பெரட் கேலி பேசியது ஹட்டனின் காதுக்குப் போனது.

நிர்வாகத்தில் அவர் சாதித்தவை சிறியவை அல்ல. 1585-இல் கானக்டின் நில உரிமைகளையும் வரியையும் ஒழுங்குபடுத்தும் உடன்பாடு முடிந்தது. 1586-இல் வடக்கே அல்ஸ்டர் பகுதியின் குலத்தலைவர் சோர்லி பாய் மெக்டொனல் டப்ளின் வந்து பணிந்தார். 1587-இல் ராத்மல்லன் கரையில் மதுக்கப்பல் ஒன்றை நிறுத்தி, மது விருந்துக்கு அழைப்பதுபோல் அழைத்து, அதே பகுதிக் குலத்தலைவர் ஒருவரின் மகனான சிறுவன் ஹ்யூ ரோ ஓ'டொனலைக் கடத்திவரச் செய்தார். அது அன்று சாமர்த்தியமாகத் தெரிந்தது. அந்தச் சிறுவன் 1592 தொடக்கத்தில் டப்ளின் கோட்டையிலிருந்து தப்பி, பின்னர் எலிசபெத்தின் படைகளுக்கு எதிரான பெரும் போரின் தலைவர்களில் ஒருவரானார்.

1588-இல் பெரட் பதவியை வில்லியம் ஃபிட்ஸ்வில்லியமிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். புதியவருக்கும் பழையவரைப் பிடிக்கவில்லை.

கடிதம்

முன்பு கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்து சிறையில் உயிருக்கு அஞ்சிக் கிடந்த ஒருவர், தம்மிடம் ஒரு கடிதம் இருப்பதாகச் சொன்னார். 1585-ஆம் ஆண்டு தேதியிட்டு, ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்புக்குப் பெரட் எழுதியதாம். இங்கிலாந்தைப் பிடிக்க உதவுகிறேன், பதிலுக்கு வேல்ஸை எனக்குத் தாருங்கள் என்பது உள்ளடக்கம். இங்கிலாந்தைத் தாக்க ஸ்பெயின் அனுப்பிய அர்மடா கப்பற்படை வந்துபோய் இரண்டு ஆண்டுகூட முழுதாக ஆகாத நேரம் அது. ஃபிட்ஸ்வில்லியம் இந்தப் புகாரை லண்டன் வரை போகவிட்டார்.

விசாரிக்கப் போனவர்களுக்குக் கடிதத்தின் போலித்தனம் சீக்கிரமே பிடிபட்டது. கொண்டுவந்தவர் இந்தக் கலையில் பழையவர். தம் உயிரைக் காப்பாற்ற அடுத்தவர் உயிரை விலைபேசினார்.

விசாரணையை மூடாமல் விட்ட முடிவு

வழக்கின் திருப்பம் இங்கேதான். போலிக் கடிதத்தைத் தூண்டியவர் யார் என்று விசாரணை திரும்பியிருக்க வேண்டும். கொஞ்ச தூரம் திரும்பவும் செய்தது. ஆனால் அதற்குள் பெரட்டைப் பற்றி வேறு சாட்சிகள் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவரோடு மனம் கசந்து பிரிந்த முன்னாள் செயலாளர் ஒருவர், கோபத்தில் பெரட் அரசியைப் பற்றி என்னென்ன சொன்னார் என்று வாக்குமூலம் கொடுத்தார். டப்ளினில் அவமானப்பட்ட அதிகாரிகளிடமும் சொல்வதற்கு நிறைய இருந்தது.

தொடர்ந்து விசாரிப்பது என்று முடிவானதற்குக் காரணங்கள் உண்டு. ஸ்பெயினைப் பற்றிய அச்சம் நிஜமானது. ஹட்டனுக்கு இதைத் தணிக்கும் எண்ணம் இருக்கவில்லை. புதிய சாட்சிகள் சொன்ன வார்த்தைகள் பெரட் பேசக்கூடியவையாகவே இருந்தன, அதை அவரை அறிந்த எவரும் மறுக்க முடியாது. கடிதம் பொய், வாய்த்துடுக்கு மெய். பொய்யான பெரிய குற்றத்துக்குத் திறந்த கோப்பு, மெய்யான சிறிய குற்றங்களால் நிரம்பியது. முதலில் வீட்டுக்காவல், 1591-இல் டவர்.

1592 ஏப்ரல் 27

ஹன்ஸ்டன் பிரபு, பக்ஹர்ஸ்ட் பிரபு, ராபர்ட் செசில் முதலியோர் கொண்ட சிறப்பு ஆணையம். ஸ்பெயினுடன் கடிதப் போக்குவரத்து, கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கு ஆதரவு, அயர்லாந்துக் குலத்தலைவர் பிரையன் ஓ'ரூர்க்கின் கிளர்ச்சிக்கு மறைமுகத் துணை, அரசியை இழிவாகப் பேசியது ஆகியவை குற்றச்சாட்டுகள். ராஜத்துரோக வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை 1696 சட்டம் வரும்வரை இல்லை. பெரட் தனியாக நின்று பதில் சொன்னார்.

அரசுத் தரப்புக்குக் கைகொடுத்தவை வார்த்தைகள்தான். ஸ்பானியருக்குப் பயந்து நடுங்கும்போது மட்டும் தம்மை வேண்டியவராக நடத்துகிறாள் என்று அரசியைச் சொன்னதாக ஒன்று. ‘பாஸ்டர்ட்’ (முறையற்ற உறவில் பிறந்தவர்) என்று அரசியின் பிறப்பையே இழித்து, அடுக்களைப் பெண்ணென்று ஏசியதாக இன்னொன்று. வேகத்தில் பேசியிருக்கலாம், கெட்ட எண்ணம் கிடையாது என்பதே பெரட்டின் பதிலாக இருந்தது. ஜூரி குற்றவாளி என்றது. மரண தண்டனை ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது.

அதன்பின்

தண்டனை நிறைவேறவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பெரட் டவரிலேயே இறந்தார். விஷம் என்று ஊர் பேசியது. 63 வயதுக்கு மேற்பட்டவர், ஓராண்டுக்கு மேல் சிறை. இறப்பதற்கு விஷம் வேண்டியதில்லை. மகன் தாமஸ் பெரட் எசெக்ஸ் ஏர்லின் சகோதரி டாரதி டெவரூவின் கணவர். 1593-இல் அவருக்குக் குடும்ப உரிமைகள் திரும்பக் கிடைத்தன. மறுவருடமே அவரும் இறந்தார்.

வதந்தி நுழைந்த இடம்

அரச ரத்தம் என்ற பேச்சை அச்சில் கொண்டுவந்தவர் சர் ராபர்ட் நான்டன். எலிசபெத்தின் அரசவையினரைப் பற்றி முதுமையில் அவர் எழுதிவைத்த குறிப்புகள், அவர் 1635-இல் இறந்த பிறகு, 1641-இல் வெளியாயின. பெரட்டின் உருவம், குணங்கள், அசைவுகள், குரல் ஆகியவற்றை மன்னரோடு ஒப்பிட்டால், அவர் அரச ரத்தத்தின் மறைமுகப் பிள்ளை என்பது விளங்கும் என்கிறார் நான்டன். தீர்ப்பு முடிந்து டவருக்குத் திரும்பிய பெரட், “எதிரிகளின் பொறாமைக்குத் தன் சகோதரனைப் பலியிட அரசி விடுவாளா?” என்று டவரின் பொறுப்பதிகாரி சர் ஓவன் ஹாப்டனிடம் கொதித்ததாகவும், அதைக் கேட்ட அரசி மரண உத்தரவில் கையெழுத்திட மறுத்ததாகவும் எழுதுகிறார்.

சாட்சியத்தை எடைபோட்டால்

நான்டன் பிறந்தது 1563-இல். ஹென்றி இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து. மன்னரின் உருவத்தைப் படத்தில் பார்த்திருக்கலாம். அவர் குரலை எங்கே கேட்டார்?

ஓவன் ஹாப்டன் டவர் பொறுப்பிலிருந்து 1590-இல் விலகிவிட்டார். 1592-இல் அந்த இடத்தில் இருந்தவர் மைக்கேல் பிளவுன்ட். கதையின் உச்ச வாசகத்தைக் காதால் கேட்டதாகச் சொல்லப்படுகிறவர் அந்த அறையிலேயே இல்லை. நான்டனும் தாம் நேரில் அறிந்ததாகச் சொல்லவில்லை, கேள்விப்பட்டதாகத்தான் எழுதினார்.

நான்டனின் மனைவி பெனலபி, பெரட்டின் மகன் தாமஸின் மகள். குடும்பத்தில் வழிவழியாக வந்த ரகசியம் என்று இதை ஆதரவுச் சான்றாகக் கொள்கிறவர்கள் உண்டு. பெனலபியின் பெற்றோருக்குத் திருமணம் 1583-இல். தாத்தா இறந்தபோது அவருக்கு ஒன்பது வயதுக்கு மேல் இருக்க வழியில்லை. எனக்கு இந்த உறவு மறுபக்கம் எடையேற்றுவதாகவே படுகிறது. துரோகி என்று தீர்ப்பான தாத்தாவைவிட மன்னரின் மகனான தாத்தா எந்தக் குடும்பத்துக்கும் சிலாக்கியம்.

ஹென்றியின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். எலிசபெத் பிளவுன்டுக்குப் பிறந்த ஹென்றி ஃபிட்ஸ்ராயைத் தம் மகன் என்று ஒப்புக்கொண்டு, 1525-இல் ஆறு வயதில் ரிச்மண்ட் டியூக் ஆக்கினார். ஆண்பிள்ளை பிறந்ததை ஒளிக்கும் மனிதர் அல்லர் அவர். ஜான் பெரட் கருவான 1528 தொடக்கத்தில், எலிசபெத்தின் தாயான ஆன் போலினை மணப்பதற்காக, முதல் மனைவி கேதரினுடனான திருமணத்தை ரத்து செய்யச் சொல்லிப் போப்பாண்டவரிடம் தூதர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். மேரி பெர்க்லியோ மேற்கு வேல்ஸில் இன்னொருவரின் மனைவி.

மேற்சொன்னவற்றைவிட எனக்கு வலுவானதாகத் தோன்றுவது அரசுத் தரப்பின் மௌனம். டியூடர் இங்கிலாந்தில் ரத்தம் தலையை வாங்கும். மூன்றாம் எட்வர்டின் வழிவந்த பக்கிங்ஹாம் டியூக் 1521-இல் வெட்டுண்டார். பழைய அரசரின் சின்னத்தைத் தம் கேடயத்தில் சேர்த்துக்கொண்டதற்காக சர்ரே ஏர்ல் 1547-இல் செத்தார். அரசி உயிரோடிருக்கையில் முடிக்கு உரிமை கோருவது துரோகம் என்று 1571-இல் சட்டமே வந்தது. அப்படிப்பட்ட நாட்டில், பெரட் தம்மை ஹென்றியின் மகன் என்று ஒரு மதுக்கடையில் சொல்லியிருந்தாலும் அது குற்றப்பத்திரிகையின் முதல் வரியில் வந்திருக்கும். வேல்ஸைக் கேட்டதாகச் சொன்ன போலிக் கடிதத்துக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. அரசியைப் பெரட் ‘பாஸ்டர்ட்’ என்றார் என்று நீதிமன்றத்தில் உரக்கச் சொன்னார்கள். அந்தச் சொல்லை அவர் பக்கமே திருப்பிவிட அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. பகைவர்கள் வருடக்கணக்கில் அவர் பேச்சையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார்கள். இது மட்டும் அவர்கள் கூடையில் விழவில்லை.

ஆணையத்தில் அமர்ந்திருந்த ஹன்ஸ்டன் பிரபு ஹென்றி கேரியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆன் போலினின் சகோதரி மேரிக்கு 1526-இல் பிறந்தவர். அவரும் ஹென்றியின் மகன் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையோ பொய்யோ, சிறுவன் பத்து வயதை எட்டுவதற்கு முன்பே, 1535-இல், ஐல்வொர்த் ஊர்ப் பாதிரியார் ஒருவரின் வாயில் வந்து பதிவாகிவிட்டது. மேரி போலின் மன்னரின் காதலியாக இருந்தவர் என்பதும் தெரிந்த செய்தி. பெரட்டைப் பற்றிய பேச்சு அச்சில் வந்ததோ அவர் பிறந்து 113 ஆண்டுகள் கழித்து. நிஜமான அரசவை வதந்தி எவ்வளவு சீக்கிரம் வெளியே வரும் என்பதற்கு நீதிபதி ஆசனமே அளவுகோலாக இருந்தது.

மாற வேண்டியவை

நடைமுறையில்: கடிதம் போலி என்று நிரூபணமான அன்று அந்தக் கோப்பு மூடப்பட்டிருக்க வேண்டும். வாய்த்துடுக்கு தனிக் குற்றமாக, அதற்குரிய சிறிய அளவில், பகையில்லாத சாட்சிகளைக் கொண்டு விசாரிக்கத் தக்கது. அரசி கையெழுத்திட மறுத்தார் என்ற செய்தியை நம்பினால்கூட, அதற்கு அண்ணன் முறை காரணமாக இருக்க வேண்டியதில்லை. நான்டனின் அதே குறிப்பில், அவர் நேர்மையும் விசுவாசமும் உள்ளவர் என்று அரசி சொன்னதாகவே இருக்கிறது; ரத்தத்தைப் பற்றி அரசி வாய் திறக்கவில்லை.

எழுத்தில்: பெரட்டின் வாழ்க்கையை ‘எட்டாம் ஹென்றியின் மகனாகக் கருதப்படும்’ என்று தொடங்குவதை விட்டுவிடலாம். தாமஸ் பெரட்டின் மகன், 1528 முதல் 1592 வரை, அயர்லாந்தின் அரசப் பிரதிநிதி என்பது முதல் வரிக்குப் போதும். விதானம், உடல்வாகு, முன்கோபம் ஆகியவற்றைச் சான்று என்று அடுக்காமல் நான்டனின் வாதம் என்று பெயர் சொல்லித் தரலாம். டவர் வாசகத்தை மேற்கோளாகக் காட்டுகிறவர்கள் அதன் பக்கத்தில் 1592 என்று போடாமல் 1641 என்று போடட்டும்.